சொந்தத் தொழில் தொடங்குகிறீர்களா? கடன் யார் தலையில் என்று முதலில் பாருங்கள்

வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று முடிவெடுத்தவர்கள் அடுத்து விசாரிப்பது இரண்டு விஷயங்களை. கம்பெனி ரிஜிஸ்டர் பண்ண வேண்டுமா? எப்படிப் பண்ணினால் வரி குறையும்? இரண்டுமே கேட்க வேண்டியவைதான். ஆனால் இவற்றுக்கு முன்னால் வர வேண்டிய கேள்வி வேறு. தொழில் படுத்துவிட்டது, கட்ட வேண்டிய பணத்தைக் கட்ட முடியவில்லை என்று வையுங்கள். பணம் வர வேண்டியவர் எதன்மேல் கை வைக்கலாம்? தொழிலில் இருக்கும் சரக்கு, மெஷின், வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு அவர் நிறுத்திக்கொள்ள வேண்டுமா, இல்லை உங்கள் வீடு, சேமிப்பு, நகை வரைக்கும் வரலாமா?

தொழிலின் சட்ட அமைப்பு என்று நாம் பேசுவதெல்லாம் அடிப்படையில் இந்தக் கேள்விக்கான பதில்தான். வரி, பேப்பர் வேலை, முதலீடு எல்லாம் அப்புறம் வருபவை.

நாட்டுக்கு நாடு பெயர்கள் மாறும். இந்தியாவில் புரொப்ரைட்டர்ஷிப் என்பதை பிரிட்டனில் சோல் டிரேடர் என்பார்கள். இந்தியாவின் பிரைவேட் லிமிடெட்டுக்கு மலேசியாவில் செண்டிரியான் பெர்ஹாட் என்று பெயர், ஜெர்மனியில் ஜிஎம்பிஹெச். விதிகளில் வித்தியாசம் உண்டு. ஆனால் ஒருவர் தனியாகச் செய்வது, பலர் கூட்டாகச் செய்வது, தொழிலையே தனி ஆளாக நிறுத்திவிடுவது என்ற மூன்று வழிகளும் அவற்றின் கலவைகளும்தான் எங்கும் இருப்பவை. அவற்றைப் புரிந்துகொண்டால், உங்கள் நாட்டு விதிகளை ஆடிட்டரிடம் உட்கார்ந்து கேட்கும்போது தலை சுற்றாது.

நீங்கள் சுயதொழில் செய்பவர்தானா?

இதிலேயே பலருக்குச் சறுக்கிவிடும். "இனிமேல் சம்பளம் கிடையாது, பில் போட்டுக் கொடுங்கள், ஃப்ரீலான்சராக இருந்துகொள்ளுங்கள்" என்று பழைய முதலாளியே சொல்வதுண்டு. அதே நாற்காலி, அதே வேலை நேரம், அதே மேனேஜர். மாறியது பில் மட்டும். பில் போடுவதால் மட்டும் ஒருவர் சுயதொழிலர் ஆகிவிடுவதில்லை.

பல நாடுகளில் நீதிமன்றமும் வரித்துறையும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிற்பதில்லை, நடைமுறையில் என்ன நடக்கிறது என்று பார்க்கின்றன. வேலை நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? கருவிகள் யாருடையவை? உங்களால் முடியாத நாளில் வேறொருவரை அனுப்பலாமா? வேலை கெட்டுப்போனால் திரும்பச் செய்யும் செலவு யாருடையது? உங்களுக்கு வேறு வாடிக்கையாளர்கள் உண்டா? இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் "அவர்கள்தான்" என்று வந்தால், காகிதத்தில் என்ன இருந்தாலும் அது வேலைதான், தொழில் இல்லை.

2021 பிப்ரவரியில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில் இந்த வழியில்தான் யோசித்தது. கட்டணத்தை நிறுவனம் நிர்ணயிக்கிறது, ஒப்பந்த விதிகளையும் நிறுவனமே எழுதுகிறது. அப்படியிருக்க ஓட்டுநர்களைச் சுயதொழிலர் என்று எப்படிச் சொல்வது? குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்தோடு விடுப்பும் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றது தீர்ப்பு. கலிஃபோர்னியாவில் 2020 முதல் அமலில் உள்ள சட்டம் ஒரு படி மேலே போய், ஒருவர் ஊழியர் இல்லை என்று நிரூபிக்கும் சுமையை வேலை கொடுப்பவர் மேலேயே வைத்தது. பிறகு சில துறைகளுக்கு விலக்கு வந்தது வேறு கதை.

உண்மையிலேயே சுயதொழில்தான் என்றால், சம்பளக் காலத்தில் கண்ணில் படாத செலவுகள் இனி உங்களுடையவை. அமெரிக்காவில் இது பளிச்சென்று தெரியும். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வரிகளில் பாதியை ஊழியரும் பாதியை முதலாளியும் கட்டுகிறார்கள். சுயதொழில் செய்பவர் இரண்டு பாதியையும் தானே கட்ட வேண்டும், மொத்தம் 15.3 சதவீதம். மற்ற நாடுகளில் கணக்கு வேறு, ஆனால் உண்மை ஒன்றுதான்: மருத்துவ விடுப்பு, ஓய்வூதியப் பங்களிப்பு, பிடித்தம் செய்யப்பட்ட வரி எல்லாவற்றையும் இனி பார்ப்பதற்கு ஆள் இல்லை. வந்த பணம் முழுவதும் வருமானம் என்று நினைத்துச் செலவழிப்பவர்கள் வரி கட்டும் மாதத்தில் விழிப்பார்கள். ஒவ்வொரு பில் பணம் வரும்போதும் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுவது நல்லது.

ஒன்றுமே செய்யாவிட்டால் என்ன ஆகும்?

நீங்கள் தனியாகத் தொழில் தொடங்கி, எந்த அமைப்பையும் தேர்ந்தெடுக்கவில்லை என்றால், சட்டம் உங்களுக்காக ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது: தனி உரிமைத் தொழில். தொழிலும் நீங்களும் ஒரே ஆள். வரித்துறையில் பதிவு, உள்ளாட்சி உரிமம் போன்றவை தேவைப்படலாம். ஆனால் அவையெல்லாம் உங்களைப் பற்றிய பதிவுகள், புதிதாக ஒரு நிறுவனம் அதனால் பிறப்பதில்லை. பலகையில் எழுதும் பெயரும் வெறும் பெயர்தான். அந்தப் பெயர் வழக்குப் போடாது, சொத்து வாங்காது. எல்லாமே நீங்கள்.

இதன் வசதி அபாரம். தொடங்குவது எளிது, மூடுவது அதைவிட எளிது. லாபம் உங்கள் பணம், யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். யாருக்கும் ஆண்டறிக்கை கொடுக்க வேண்டாம். நஷ்டமானால் அதை மற்ற வருமானத்தில் கழித்துக்கொள்ளப் பல நாடுகளில் வரம்புகளோடு இடமுண்டு.

ஆனால் பொறுப்புக்கு எல்லை கிடையாது. தொழில் கடன் உங்கள் கடன். பிரான்ஸ் இதில் ஒரு சுவாரசியமான விதிவிலக்கு. 2022 மே 15 முதல் அங்கே தனியாகத் தொழில் செய்பவரின் சொந்தச் சொத்தும் தொழில் சொத்தும் சட்டப்படியே பிரிந்து நிற்கின்றன. கம்பெனி தொடங்காமலேயே தொழில் கடன்காரர்களிடமிருந்து ஒரு பாதுகாப்பு. பெரும்பாலான நாடுகளில் இந்தச் சலுகை இல்லை.

எல்லையில்லாத பொறுப்பு என்றதும் பயந்து ஓட வேண்டியதில்லை. எவ்வளவு பயப்படலாம் என்பது தொழிலைப் பொறுத்தது. வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்ப்போ டிசைனோ செய்பவர் யாரிடமும் கடனுக்குச் சரக்கு எடுப்பதில்லை, ஆள் வைத்துக்கொள்வதில்லை. அதிகபட்ச ஆபத்து, ஒரு வாடிக்கையாளர் பணம் தராமல் போவது. கட்டட வேலை எடுப்பவர் நிலைமை அப்படியில்லை. இரும்பும் சிமென்ட்டும் கடனில் வருகின்றன, சாரத்தில் ஆட்கள் ஏறுகிறார்கள், கீழே தெருவில் மக்கள் நடக்கிறார்கள். ஒரே ஒரு விபத்து வாழ்நாள் சேமிப்பைத் தின்றுவிடும். முன்னவருக்குத் தனி உரிமையே போதும். பின்னவர் முதல் நாளிலேயே அமைப்பைப் பற்றி யோசிக்க வேண்டும், காப்பீட்டைப் பற்றியும்தான்.

கூட்டாளி: எழுதாமலே உருவாகும் ஒப்பந்தம்

என்னைக் கேட்டால், தொடங்குபவர்கள் அறியாமல் மாட்டிக்கொள்ளும் மிக ஆபத்தான இடம் இதுதான். இரண்டு பேர் சேர்ந்து லாப நோக்கத்தோடு ஒரு தொழிலை நடத்தினாலே அது கூட்டாண்மை ஆகிவிடும் என்பது பிரிட்டனின் 1890 கூட்டாண்மைச் சட்டம். இந்தியாவின் 1932 சட்டமும் அதே வழிதான். பத்திரம் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். "நாம ஃப்ரெண்ட்ஸ்தானே, பார்ட்னர்ஷிப்பெல்லாம் எதுக்கு" என்று பேசிக்கொண்டே பார்ட்னர்ஷிப் நடத்திக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர்.

பத்திரம் எழுதாவிட்டால் சட்டமே ஒரு பத்திரத்தை எழுதிக்கொள்ளும். அதில் என்ன இருக்கும் தெரியுமா? லாபம் சரிசமமாகப் பிரியும், யார் எவ்வளவு முதல் போட்டார் என்பது கணக்கில்லை. உழைத்ததற்குத் தனிச் சம்பளம் கேட்க முடியாது. ஒரு கூட்டாளி இறந்துபோனால் கூட்டாண்மையே கலையும். முழு முதலையும் போட்டவர் ஒருவர், மாலை நேரத்தில் மட்டும் வந்து உதவியவர் ஒருவர். லாபத்தில் இருவருக்கும் சம பங்கு என்று சட்டம் சொன்னால் முதல் போட்டவர் முகம் எப்படி இருக்கும்?

கடன் விஷயத்தில் இன்னும் கடுமை. தொழிலின் வழக்கமான வேலைக்காக ஒரு கூட்டாளி செய்யும் காரியம் எல்லோரையும் கட்டும். இரண்டு பேர் சேர்ந்து வீடுகளுக்கு உள்அலங்கார வேலை எடுக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் மற்றவரிடம் சொல்லாமல் பெரிய தொகைக்கு மரம் ஆர்டர் கொடுக்கிறார். வாடிக்கையாளர் வேலையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார். மர வியாபாரி பணத்துக்காக யாரிடம் வருவார்? கையில் காசு யாரிடம் இருக்கிறதோ அவரிடம். ஆர்டர் கொடுத்தவர் கையை விரித்துவிட்டால், ஆர்டரே தெரியாதவர் முழுத் தொகையையும் கட்ட வேண்டிவரும். பாதிதான் என் பங்கு என்று வியாபாரியிடம் வாதாட முடியாது. கட்டிவிட்டு, மீதியைக் கூட்டாளியிடம் வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான், அவரிடம் ஏதாவது இருந்தால்.

விலகினாலும் விடாது. "நான் போன வருஷமே வெளியே வந்துட்டேன்" என்று உங்களுக்கும் கூட்டாளிக்கும் தெரிந்தால் போதாது, தொழிலோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும். முறையாக அறிவிக்காவிட்டால், நீங்கள் இன்னும் கூட்டாளி என்று நம்பிக் கடன் கொடுத்தவர் உங்களையும் பிடிக்கலாம்.

இவ்வளவுக்கும் மருந்து ஒரு பத்திரம்தான். முதல் எவ்வளவு, லாபம் எப்படி, எந்தத் தொகைக்கு மேல் போனால் இருவர் கையெழுத்தும் வேண்டும், ஒருவர் விலகினால் அவர் பங்கை எப்படி மதிப்பிடுவது, இறந்தால் என்ன, மனஸ்தாபம் வந்தால் யார் தீர்ப்பது என்பதையெல்லாம் நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். இந்தியாவில் இன்னொன்றும் உண்டு. கூட்டாண்மையைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்யாத கூட்டாண்மை, ஒப்பந்தப்படி தனக்கு வர வேண்டிய பணத்துக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. வெளியாள் அதன்மேல் போடலாம்!

தொழில் தனி ஆளாக நிற்கும்போது

இப்போது கம்பெனிக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள லண்டனுக்குப் போய், ஒரு செருப்புக்காரரைப் பார்க்க வேண்டும்.

ஆரன் சாலமன் என்பவர் லண்டன் வைட்சேப்பலில் தோல் பூட்ஸ் செய்து விற்றுவந்தார். தனி உரிமைத் தொழில், நன்றாகவே நடந்தது. 1892இல் அதை லிமிடெட் கம்பெனியாக மாற்றினார். அன்றைய சட்டப்படி கம்பெனிக்குக் குறைந்தது ஏழு பங்குதாரர்கள் வேண்டும். சாலமன், மனைவி, மகள், நான்கு மகன்கள் என்று ஏழு பேர் ஆயிற்று. வீட்டார் ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு ஷேர், சாலமனுக்கு 20,001. தொழிலைக் கம்பெனிக்குச் சுமார் 39,000 பவுண்டுக்கு விற்றார். விலையில் ஒரு பகுதியைப் பணமாக வாங்காமல், 10,000 பவுண்டுக்குக் கம்பெனி தனக்குக் கடன்பட்டிருப்பதாகக் கடன் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார். அதற்கு ஈடு, கம்பெனியின் சொத்து.

நேரம் சரியில்லை. காலணித் தொழிலில் மந்தம், வேலைநிறுத்தங்கள், பெரிய அரசு ஆர்டர்கள் பல பேருக்குப் பிரிந்துபோனது. ஏறக்குறைய ஒரே ஆண்டில் கம்பெனி கவிழ்ந்தது. தோல் கொடுத்தவர்கள் உள்ளிட்ட ஈடில்லாத கடன்காரர்களுக்கு 7,000 பவுண்டுக்கு மேல் பாக்கி. கையில் இருந்ததோ கடன் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கே போதாது. கம்பெனியைக் கலைக்க வந்த லிக்விடேட்டர் கேட்ட கேள்வியை நீங்களும் நானும் கேட்டிருப்போம்: இந்தக் கம்பெனியே சாலமன்தானே, மற்ற ஆறு பேரும் பெயருக்குத்தானே, அவரே கட்டட்டுமே!

கீழ் நீதிமன்றம் ஆமாம் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆமாம் என்றது. 1896 நவம்பரில், அன்று அங்கே கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஒரே குரலில் இல்லை என்றது. சட்டப்படி பதிவான கம்பெனி, பங்குதாரர்களிலிருந்து வேறான தனி ஆள். யார் எத்தனை ஷேர் வைத்திருக்கிறார்கள் என்பது அதை மாற்றாது. கம்பெனியின் கடன் கம்பெனியுடையது, சாலமனுடையது அல்ல. அது மட்டுமல்ல, தன் கம்பெனிக்கே கடன் கொடுத்தவர் என்ற முறையில், ஈடு வைத்திருந்த சாலமன் வரிசையில் தோல் வியாபாரிகளுக்கு முன்னால் நின்றார்.

நியாயமா என்று கேட்டால், தோல் வியாபாரி பக்கம் நின்று பார்க்கும்போது கசக்கத்தான் செய்கிறது. ஆனால் உலகின் பெரும்பகுதியில் இன்று தொழில் நடப்பது இந்தச் சுவரை நம்பித்தான். கம்பெனிக்கு ஒருபுறம் நீங்கள், மறுபுறம் கடன்காரர்கள். நீங்கள் இழக்கக்கூடியது போட்ட முதல் வரைக்கும். பிரிட்டனில் 1855 சட்டம் இந்தப் பாதுகாப்பைக் கொடுத்தபோதே, பெயரின் கடைசியில் லிமிடெட் என்று போட வேண்டும் என்றும் விதித்தது. இவர்களிடம் வசூலிக்க ஓர் எல்லை உண்டு, பார்த்துக் கடன் கொடுங்கள் என்று எதிராளிக்கு விடும் எச்சரிக்கை அது. நம் ஆட்கள் அதைக் கௌரவப் பட்டமாக விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்வது வேடிக்கைதான்.

ஏழு பேர் தேவைப்பட்ட காலம் போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1989இல் ஒரே உறுப்பினர் கம்பெனிக்கு வழிகாட்டு விதி கொண்டுவந்தது. இலங்கையில் 2007ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி ஒரே பங்குதாரரோடு கம்பெனி நடத்தலாம். இந்தியாவில் 2013 சட்டம் ஒரு நபர் கம்பெனியைக் கொண்டுவந்தது. சாலமன் இன்று இருந்தால் மகன்களைத் தொந்தரவு செய்ய வேண்டியிருக்காது.

சுவரில் உள்ள ஓட்டைகள்

கம்பெனி தொடங்கியாயிற்று, இனி வீடு பத்திரம் என்று நிம்மதியாகப் படுப்பதற்கு முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் ஓட்டையை நீங்களே போடுவீர்கள். புதுக் கம்பெனிக்குச் சொத்து இல்லை, வரலாறு இல்லை. வங்கியில் கடன் கேட்டால், டைரக்டரின் சொந்த ஜாமீன் வேண்டும் என்பார்கள். கட்டட உரிமையாளரும் சில நேரம் கேட்பார். பர்சனல் கேரன்டி என்ற அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து, அந்தக் கடனைப் பொறுத்தவரை சுவர் இல்லை. கம்பெனி கட்டாவிட்டால் நீங்கள் கட்டுவீர்கள் என்று தனியாக வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். அதனால்தான் சிறு தொழில்களில் பொறுப்பு வரம்பு என்பது வங்கிக் கடனைவிட, சரக்குக் கொடுப்பவர்கள், வாடிக்கையாளர்கள், எதிர்பாராத வழக்குகள் விஷயத்தில்தான் அதிகம் கைகொடுக்கிறது. ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், இவ்வளவு தொகை வரைக்கும், இந்தத் தேதி வரைக்கும் என்று எல்லை கேட்டுப் பாருங்கள். கேட்காதவர்களுக்குக் கிடைப்பதில்லை.

இரண்டாவது, உங்கள் கையாலேயே செய்த தவறு. கம்பெனி பெயரில் வேலை எடுத்தாலும், உங்கள் சொந்தக் கவனக்குறைவால் ஒருவருக்குக் காயமோ நஷ்டமோ ஏற்பட்டால் உங்களையும் சேர்த்துப் பொறுப்பாக்க வழியிருக்கிறது. மருத்துவர், பொறியாளர், ஆலோசகர் போன்றவர்களுக்குக் கம்பெனியைவிடத் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடுதான் உண்மையான காவல்.

மூன்றாவது, மோசடி. கட்ட முடியாது என்று தெரிந்துகொண்டே கடன் வாங்கிக்கொண்டே போவதும் இந்தப் பட்டியலில் வரும். பிரிட்டனில் 1986 திவால் சட்டப்படி, கம்பெனி தப்பிக்க வழியில்லை என்று தெரிந்த பிறகும், தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், தொடர்ந்து வியாபாரம் செய்த டைரக்டரைக் கைக்காசைப் போடச் சொல்லலாம்.

அப்புறம், கையெழுத்து. சின்ன விஷயம்போலத் தெரியும். கம்பெனிக்காக ஒரு ஒப்பந்தத்தில் வெறுமனே உங்கள் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தம் செய்தது நீங்களா கம்பெனியா என்ற தகராறுக்கு இடம் வைத்துவிடுகிறீர்கள். முதலில் கம்பெனியின் முழுப் பெயர், "சார்பாக" என்ற சொல், அதன் கீழ் உங்கள் கையெழுத்து, பெயர், டைரக்டர் என்ற பதவி. பில், கொட்டேஷன், லெட்டர்ஹெட், மின்னஞ்சலின் அடிப்பகுதி எல்லாவற்றிலும் பதிவான பெயரே இருக்க வேண்டும். தனி உரிமையிலிருந்து கம்பெனிக்கு மாறியவர்கள் பழைய பில் புத்தகத்தைத் தீர்ந்துபோகும்வரை பயன்படுத்துவது இதற்காகவே ஆபத்து.

இதோடு சேர்ந்தது பணம். கம்பெனியின் பணம் உங்கள் பணம் அல்ல, ஷேர் முழுவதும் உங்களுடையதாக இருந்தாலும். சம்பளமாக எடுக்கலாம், லாபத்தில் டிவிடெண்டாக, அதாவது பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் லாபப் பங்காக எடுக்கலாம், கடனாக எடுத்தால் அதற்கென்று கணக்கும் விதிகளும் உண்டு. வீட்டுச் செலவுக்குக் கம்பெனி கார்டைத் தேய்ப்பது பழக்கமாகிவிட்டால் முதலில் வரித்துறை கேள்வி கேட்கும். பிறகு கடன்காரரின் வக்கீல், சாலமனுக்கு நேர் எதிரான வாதத்தை உங்களுக்கு எதிராக வைப்பார்: நீங்களே இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை, கோர்ட் ஏன் பார்க்க வேண்டும்?

நடுவில் நிற்பவை

கூட்டாண்மையின் நெகிழ்வும் வேண்டும், கம்பெனியின் பாதுகாப்பும் வேண்டும் என்று கேட்டவர்களுக்காகப் பிறந்தவை எல்எல்பி (பொறுப்பு வரம்புள்ள கூட்டாண்மை), எல்எல்சி (பொறுப்பு வரம்புள்ள கம்பெனி) போன்ற கலவைகள். அமெரிக்காவில் எல்எல்சியை முதலில் கொண்டுவந்தது வயோமிங் மாநிலம், 1977இல். எல்எல்பியை முதலில் கொண்டுவந்தது டெக்சாஸ், 1991இல். நொடித்துப்போன வங்கிகள், சேமிப்பு நிறுவனங்களுக்கு வேலை செய்த வக்கீல், ஆடிட்டர் நிறுவனங்கள் மேல் வழக்குகள் பாய்ந்த காலம் அது. ஒரு கூட்டாளி செய்த தவறுக்கு, வேறு ஊரில் இருக்கும் கூட்டாளியின் வீடு ஏன் போக வேண்டும் என்பதுதான் அவர்கள் கேள்வி. பிரிட்டன் 2000இலும் இந்தியா 2008இலும் எல்எல்பி சட்டம் இயற்றின.

எல்எல்பியில் கூட்டாளிகள் தங்களுக்குள் எப்படி வேண்டுமானாலும் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம், கடன் எல்எல்பியோடு நிற்கும். ஆலோசனை, வடிவமைப்பு, கணக்கு போன்ற சேவைகளைச் சேர்ந்து செய்பவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். முதலீட்டாளரை உள்ளே கொண்டுவரும் எண்ணம் இருந்தால் பொருந்தாது. அவர்கள் கேட்பது ஷேர், இங்கே அது இல்லை.

உறுப்பினர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் கூட்டுறவு அமைப்பும் ஒரு வழிதான். யார் எவ்வளவு போட்டாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. உற்பத்தியாளர்கள் பலர் சேரும்போது யோசிக்கலாம், இருவர் மூவருக்கு அதிகம்.

சரி, வரி?

தனி உரிமையில் லாபம் முழுவதும் அந்த ஆண்டு உங்கள் வருமானம். தொழிலிலேயே விட்டுவைத்தாலும் வரி உண்டு. கம்பெனியில் கம்பெனி முதலில் தன் லாபத்துக்கு வரி கட்டும், நீங்கள் டிவிடெண்டாக எடுக்கும்போது பல நாடுகளில் உங்கள் கையிலும் ஒருமுறை வரி விழும். ஆகவே சம்பாதிப்பது முழுவதையும் வீட்டுச் செலவுக்கு எடுக்க வேண்டியிருக்கும் கட்டத்தில் கம்பெனியால் பெரிய லாபம் இருக்காது. பெரும்பகுதியைத் தொழிலிலேயே போட்டு வளர்க்கிறீர்கள், தனிநபர் உச்ச வரியைவிடக் கம்பெனி வரி குறைவு என்றால் கணக்கு மாறும்.

பக்கத்து நாட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு முடிவெடுக்கக் கூடாத இடமும் இதுதான். ஒரே எல்எல்பி என்ற பெயர், பிரிட்டனில் எல்எல்பி வரி கட்டாது, கூட்டாளிகள் தங்கள் பங்குக்குக் கட்டுவார்கள். இந்தியாவில் எல்எல்பியே கட்டிவிடும், அதன்பின் கூட்டாளிக்குப் போகும் லாபப் பங்குக்கு வரி இல்லை. விகிதங்கள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். வரிக்காக மட்டும் அமைப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் நகரும் இலக்கைத் துரத்துகிறார்கள்.

அப்படியானால் எதை எடுப்பது?

தனியாகச் செய்கிறீர்கள், சேவைத் தொழில், கடனில்லை, ஆட்களில்லை, வருமானம் நிற்குமா என்பதே இன்னும் தெரியவில்லை என்றால் தனி உரிமையிலேயே தொடங்குங்கள். தனி வங்கிக் கணக்கு, ஒழுங்கான பில், தேவைப்பட்டால் காப்பீடு போதும். கம்பெனி தொடங்கிவிட்டு ஆண்டறிக்கையும் தாக்கலும் செய்யாமல் அபராதம் கட்டுபவர்களைவிட நீங்கள் மேல். ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காத ஆண்டிலும் கம்பெனிக்குத் தாக்கல் கடமை பல நாடுகளில் உண்டு என்பது பலருக்கு முதல் அபராத நோட்டீஸ் வரும்போதுதான் தெரிகிறது.

கூட ஒருவர் இருந்தால், எழுதாத கூட்டாண்மை மட்டும் வேண்டவே வேண்டாம். பத்திரம் எழுதிய கூட்டாண்மை, எல்எல்பி, கம்பெனி எதுவானாலும் சரி.

கடனுக்குச் சரக்கு, வேலையாட்கள், பொதுமக்களுக்கு அடிபடக்கூடிய வேலை, பெரிய தொகை ஒப்பந்தங்கள் ஆகியவற்றில் ஒன்று வந்தாலே கம்பெனியோ எல்எல்பியோ வேண்டும். வெளி முதலீடு வேண்டுமென்றால் கம்பெனிதான். நீங்கள் விற்க நினைக்கும் பெரிய நிறுவனங்கள் பதிவு பெற்ற நிறுவனங்களிடம் மட்டும்தான் வாங்குவோம் என்று சொன்னால் வாதாடுவதில் பயனில்லை, அதுவும் ஒரு காரணமே.

சிறியதில் தொடங்கி மாறுவது முடியும். ஆனால் மாறுவது என்றால் பலகையை மாற்றுவது மட்டுமல்ல. சொத்துகளைக் கம்பெனிக்கு விற்க வேண்டும், சில நாடுகளில் அந்த விற்பனைக்கே வரி வரும். உரிமங்கள், வரிப் பதிவு, வாடகை ஒப்பந்தம், வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள் எல்லாம் புது ஆளின் பெயருக்குப் போக வேண்டும். மாறுவதற்கு முன் வாங்கிய கடன் உங்கள் தலையில்தான் தொடரும், கடன் கொடுத்தவர் ஒப்புக்கொண்டு விடுவித்தால் தவிர. எனவே பெரிய ஆர்டரில் கையெழுத்துப் போட்ட பிறகு மாறுவதைவிட, போடுவதற்கு முன்பே மாறுவது புத்திசாலித்தனம்.

எதிர்த் திசையில் போவதுதான் கடினம். தனி உரிமையை மூட வரிக் கணக்கை முடித்து, உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. கம்பெனியை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. கடன்களைத் தீர்த்து, கடைசிக் கணக்கைத் தாக்கல் செய்து, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி விண்ணப்பித்து, ஆட்சேபம் கேட்கும் காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஆடிட்டரிடம் தொடங்குவதற்கு என்ன செலவு என்று கேட்கும் அதே மூச்சில், ஒன்றுமே நடக்காத ஆண்டில் என்ன செலவு, மூடுவதற்கு என்ன செலவு என்ற இரண்டையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.